கிழக்குச் சுவர்

வீட்டுத்திட்டப் படத்தில்
குசினிக்கு ஒரு யன்னல்தான், மேற்கே.
பின்னேரம் மூன்று மணிக்கு
வெயில் வந்து சட்டிக்குள் குந்தும்.
விடியப்புறம்
துருவுவது தேங்காயா விரலா என்று
பல்ப் போட்டுத்தான் பார்க்கவேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் பதினெட்டு வீடு.
பதினெட்டிலும் அதே மூலையில் அதே இருட்டு.
வந்த புதிதில், கறன்ட் நின்ற ஒரு ராத்திரி,
அருமைத்துரை மேசன் வேலைக் களையில்
தன் வீடென்று புனிதமலர் வீட்டுக்குள் போய்
செருப்பைக் கழற்றிவிட்டு "சோறு போடு" என்றாராம்.
அவவும் போட்டுவிட்டுத்தான்
ஆளைப் பார்த்தாவாம்.

அவரிடம்தான் கேட்டேன்,
கிழக்கே ஒன்று திறக்கலாமா என்று.
வத்தகைப்பழம் வாங்குகிறவர் மாதிரி
சுவரைத் தட்டிக் காது வைத்தார்.
"திறக்கலாம் தங்கச்சி.
லிண்டல் போடாமல் திறந்தால்
கூரை உங்களைப் பார்க்க இறங்கி வரும்."

சங்கக் கடன் நாற்பதாயிரம்.
கார்மென்ற்ஸ் ஓவர்டைம் பதினொன்று.
நாம்பனை விற்றதில் கம்பியும் சீமெந்தும்.
பாலையில் நிலை செய்யத் தச்சன் சொன்ன விலைக்கு
மரமே காட்டிலிருந்து நடந்து வந்திருக்கும்.
அதனால் வவுனியாவில் இடித்த கடையொன்றின்
பழைய யன்னலை
பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தார் இவர்.
நெடுங்கேணி தாண்ட அது காற்றில் திறந்து
ஒட்டுசுட்டான் மட்டும் அடித்துக்கொண்டே வந்ததாம்.
"யன்னல் சீற்றுக்குக் காசு கூட"
என்றானாம் கொண்டக்டர்.
சாணால் அளந்து வாங்கினது.
இரண்டு அங்குலம் பெரிசு.

சனிக்கிழமை, ஒன்பது பத்துக்கு நல்லநேரம்.
நூல் பிடித்து, கரியால் கோடு கீறி,
சுத்தியலை என்னிடம் நீட்டினார்:
"முதல் அடி வீட்டுக்காரி."

கை வரவில்லை.
இந்தக் கல்லெல்லாம் நான் அரிந்தது.
இருபத்தொரு நாள்
வாளி வாளியாய்த் தண்ணி ஊத்தின சுவர்.
இதற்கு முன்னம் எனக்கிருந்த சுவர்கள்
ஒன்றும்
என்னைக் கேட்டு விழவில்லை.

அடித்தேன்.
இரண்டாவது அடிக்கு
புனிதமலர் அக்கா பேரனைத் தூக்கிக்கொண்டு
வெளியே ஓடிவந்து
முற்றத்து நடுவில் நின்றா,
எந்தப் பக்கம் என்று தெரியாமல்.
"யன்னல் அக்கா, யன்னல்!" என்று கத்தினேன்.
"கண்டறியாத யன்னல்" என்றா.
பிறகு நிலத்தில் இருந்துவிட்டா.
கொஞ்ச நேரம் எழும்பவில்லை.
நான் சுத்தியலை வைத்துவிட்டுத்
தேத்தண்ணி கொண்டுபோனேன்.

பத்தரைக்கு ஒரு கைப்பிடி ஓட்டை.
அதற்குள்ளால் வெளிச்சம்
உலக்கை மாதிரி வந்து விழுந்தது.
விழுந்த இடத்தில்
ஆறு வருட எண்ணெய்ப் பிசுக்கு,
அடுப்புக் கரி,
செத்த கரப்பான் ஒன்றின் மீசை.
இவ்வளவு ஊத்தைக்குள்ளா
நான் இவ்வளவு ருசியாய்ச் சமைத்தேன்?

மத்தியானம் முழுதாய்த் திறந்தது.
தெரிந்தது
புனிதமலர் அக்காவின் கக்கூஸ் சுவர்,
நீலப் பரல், கொடியில் உள்பாவாடை,
மேலே ஒரு சாண் வானம்.
"இதுக்கா இவ்வளவு செலவு?" என்றார் இவர்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சாணுக்குள்தான் சூரியன் வரவேண்டும்;
வழி தெரியும் அதற்கு.

உடைந்த கல்லை எங்கே கொட்ட?
வளவின் பின்னால், முதிரைக்குக் கிட்ட,
ஒரு குழி.
நாங்கள் வெட்டினதில்லை.
மீளக் குடியேறி வந்தபோதே இருந்தது,
ட-னா எழுதின மாதிரி.
மாரிக்குத் தண்ணி நிற்கும், தவளை கத்தும்.
கபிஷாவை அந்தப் பக்கம் விடுவதில்லை.

நாலு தள்ளுவண்டி கொட்டினோம்.
எழுத்தின் படுத்த கால் மூடிற்று.
நிமிர்ந்த கால் வாய் திறந்தபடி.

அருமைத்துரையண்ணை கை கழுவிக்கொண்டே
கண்ணால் அளந்தார்:
"இது நிரம்ப
இன்னும் ரெண்டு யன்னல் வேணும் தங்கச்சி."

சங்கக் கடன் முடியப் பதினாறு மாதம்.
உள்ளே போகிற வழியில்
தெற்குச் சுவரை
ஒருக்கால் தட்டிப் பார்த்தேன்.